ஃபிஜியின் புத்தக வெள்ளமும் நம் கட்டுரை நோட்டும்

ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றுக்கு 1980ஆம் ஆண்டில் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. வகுப்புக்கு 250. எல்லாம் படங்கள் நிறைந்த, பிள்ளைகள் விரும்பி எடுக்கக்கூடிய கதைகள். அதற்கு முன் அந்தப் பள்ளிகளில் புத்தகம் என்று இருந்தவை மிகச் சொற்பம். வாசித்தவர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் ஃபிஜி மொழியோ இந்தியோ பேசுபவர்கள். முதல் மூன்று வகுப்பைத் தாய்மொழியில் முடித்துவிட்டு நான்காம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறும் கட்டம் அது. ஆங்கிலம் அவர்களுக்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குள் மட்டுமே புழங்கிய மொழி.

நியூசிலாந்துக் கல்வியாளர் வார்விக் எல்லியும் ஃபிஜியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் மங்குபாயும் நடத்திய இந்த ஆய்வு, ‘புத்தக வெள்ளம்’ என்ற பெயரில் இரண்டாம் மொழிக் கல்வியின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. எட்டுப் பள்ளிகள், 16 வகுப்புகள், 380 பிள்ளைகள். பாதி வகுப்புகளில் மௌன வாசிப்பு: தினமும் கொஞ்ச நேரம் பிள்ளைகள் தமக்குப் பிடித்ததை எடுத்து வாசிப்பார்கள். கேள்வி கேட்பது, மதிப்பெண் போடுவது எதுவும் கிடையாது. மறுபாதியில் டான் ஹோல்டவே நியூசிலாந்தில் உருவாக்கிய கூட்டு வாசிப்பு. வகுப்பு முழுவதற்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் அமைந்த கதையை ஆசிரியர் விரல் வைத்து வாசிப்பார், பிள்ளைகள் கூடவே சொல்வார்கள். மறுநாளும் அதே கதை. பிறகு அதையே நடிப்பார்கள், வரைவார்கள், எழுதியும் பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்காக வேறு 234 பிள்ளைகள் வழக்கமான பாடத்திட்டத்திலேயே தொடர்ந்தார்கள். அந்தப் பாடத்திட்டம் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாயால் பலமுறை சொல்லவைத்துப் பழக்கும். வாசிப்புக்கு அதில் பெரிய இடமில்லை.

எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, கதை வாசித்த பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். 20 மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த முன்னேற்றம் கூடியிருந்தது. அதோடு மற்ற மொழித் திறன்களுக்கும் பரவியிருந்தது. எழுத்தும் அவற்றில் ஒன்று.

இந்தக் கால வரிசையை நாம் கவனிக்க வேண்டும். முதலில் புரிதல் வளர்கிறது, எழுத்து அதற்குப் பின்னால் வருகிறது. நடுவில் பல மாதங்கள், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, எழுத்தில் எதுவும் நடக்காததுபோலத்தான் தெரியும். வாசிப்புத் திட்டத்தை ஆரம்பித்துவிட்டு, பருவத் தேர்வில் கட்டுரை மதிப்பெண் ஏறவில்லை என்று நிறுத்திவிடுகிற பள்ளி, செடி பூக்கும் முன்பே பிடுங்கிப் பார்த்த கதைதான்.

ஃபிஜி நமக்கு அந்நிய நாடும் அல்ல. மதராஸ் துறைமுகத்திலிருந்து 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். சாது குப்புசுவாமி 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. எல்லியின் அணுகுமுறை பிறகு சிங்கப்பூருக்குப் போனது. 1980களின் நடுவில் அங்கே தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்துக்கு அதுவே அடிப்படையானது. 1990களில் இலங்கையின் சிறு பள்ளிகளுக்கும் வந்தது. அங்கே கொடுத்த புத்தகங்கள் 100தான். ஆசிரியர்களுக்குக் குறுகிய பயிற்சி. அங்கும் பலன் தெரிந்தது. பணக்கார நாட்டுக்கு மட்டும் கட்டுப்படியாகும் முறை என்று இதைத் தள்ளிவைக்க முடியாது.

நம் வகுப்பறைக்கு வருவோம். தமிழ் வழியில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி, ‘தேங்கிங் யூ’ வரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிவிடும். அடுத்து, நேற்று உன் பாட்டி கீழே விழுந்ததை நாலு வரியில் எழுது என்று சொல்லுங்கள். பேனா நகராது. நகர்ந்தாலும் ‘யெஸ்டர்டே மை கிராண்ட்மதர் இஸ் ஃபால் டவுன்’ என்று வரும். ஒரே பிள்ளை, ஒரே கை. முதலாவது மனப்பாடம், இரண்டாவதுதான் எழுத்து. நம் பள்ளிகளில் ஆங்கிலக் கட்டுரை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுதுவார்கள், வீட்டில் உருப்போட்டுத் தேர்வில் இறக்கிவைப்பார்கள். சுழற்சி முடிந்தது. அந்தக் கட்டுரையில் பிள்ளையின் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இருக்காது.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பில் நாற்பது ஐம்பது பேர், முடிக்க வேண்டிய பாடங்கள், தேர்ச்சி விழுக்காடு பற்றிய கேள்விகள் எல்லாம் அவர் தலையில். சொந்தமாக எழுதவிட்டால் வருகிற பிழைகளை எண்ணிப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். அத்தனையையும் சிவப்பு மையால் திருத்தினாலும் அடுத்த நோட்டில் அதே பிழைகள் திரும்ப வரும். தைவானில் பணியாற்றிய ஜான் ட்ரஸ்காட் 1996இல் எழுதிய ஒரு கட்டுரை இதையே கேட்டது: இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பதால் உண்மையில் பயன் இருக்கிறதா? இல்லை, அதைக் கைவிடுங்கள் என்றார் அவர். அமெரிக்காவின் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். திருத்தும் விதத்தைப் பொறுத்துப் பயன் உண்டு என்றார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் பார்வையில், திருத்தம் உதவலாம், ஆனால் இல்லாத ஒன்றை அதனால் உண்டாக்க முடியாது. பிள்ளையிடம் வாக்கியமே இல்லாதபோது எதைத் திருத்துவது?

அந்த வாக்கியம் எதிலிருந்து வரும் என்ற கேள்விக்கு மிக நெருங்கி வந்த சோதனை ஹாங்காங்கில் நடந்தது. சாங் வாய்-கிங் 1996இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வீட்டில் கான்டனீஸ் பேசும் 144 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நான்கு வகுப்பு நிலைகளிலிருந்து கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான ஆங்கிலப் பாடம் உண்டு. அதற்கு மேல் ஒரு குழுவுக்குக் கணக்குப் பயிற்சி, ஒரு குழுவுக்குக் கதைப் புத்தக வாசிப்பு, இன்னொரு குழுவுக்கு அடிக்கடி கட்டுரை எழுதும் பயிற்சி. திட்டத்துக்கு முன்னும் பின்னும் எழுதிய கட்டுரைகளை மதிப்பிட்டார்கள். எழுத எழுதத்தான் எழுத்து வரும் என்று நம்புகிறவர்களுக்கு முடிவு அதிர்ச்சியாக இருந்திருக்கும். கட்டுரையின் உள்ளடக்கத்திலும் மொழிப் பயன்பாட்டிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டியது வாசித்த குழு மட்டுமே. அடிக்கடி எழுதிய குழுவிடம் அது தென்படவில்லை.

யோசித்தால் காரணம் விளங்கும். தன்னிடம் இருக்கிற இருபது முப்பது வாக்கிய அமைப்புகளைக் கொண்டு ஒரு பிள்ளை எத்தனை கட்டுரை எழுதினாலும் அவையேதான் திரும்பத் திரும்ப வரும், அவற்றிலுள்ள பிழைகளோடு. எழுதுவது கைவசம் இருப்பதைப் பழக்கப்படுத்தும். புதிதாக ஒன்றைக் கையில் கொண்டுவந்து சேர்ப்பது வாசிப்பு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹஃபீஸும் டியூடரும் செய்த ஆய்வையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 1989இல் வெளியானது. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் மூன்று மாதம், தரம் பிரித்து எளிமையாக்கிய கதை நூல்களை வாசித்தார்கள். எழுத்துப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. ஆனால் மூன்று மாத முடிவில் மிகத் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது எழுத்தில்தான். சிறிய ஆய்வு அது, குழுவில் இருந்தவர்கள் குறைவு. ஆங்கிலம் பேசும் நாட்டிலேயே வாழ்ந்த பிள்ளைகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிஜியில் எழுத்துக்கு அத்தனை மாதம் பிடித்ததற்கும் இங்கே மூன்றே மாதத்தில் தெரிந்ததற்கும் அந்த வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம்.

வாசிப்பு எழுத்துக்குள் எப்படி இறங்குகிறது? தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுக்கி விழுகிற இடங்களை வைத்தே இதைப் பார்ப்போம்.

‘எ’, ‘தி’ என்ற இரண்டு சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேர் ஈடு இல்லை. ‘தெருவில் நாய் நின்றது’ என்றால் நமக்குப் போதும். ஆங்கிலத்தில் முதலில் ‘எ டாக்’ வந்து, அதே நாய் மறுபடி வரும்போது ‘தி டாக்’ ஆகிவிட வேண்டும். விதியைச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் எழுதும்போது ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் நின்று விதியை நினைத்துப் பார்க்க யாராலும் முடியாது. கதை வாசிக்கிற பிள்ளை பக்கத்துக்குப் பத்து முறை இந்த மாற்றத்தைக் கடந்து போகிறது. யார் புதிதாக வந்தார், யார் முன்பே வந்தவர் என்பது கதையில் முக்கியம். அதனால் அந்தச் சிறு சொல்லின் வேலை விதியாகத் தெரியாமல் அர்த்தமாகவே உள்ளே போகிறது.

அடுத்தது வாக்கியத்தின் போக்கு. ‘நேற்று சந்தையில் நான் பார்த்த பையன்’ என்று தமிழில் பையன் கடைசியில் வருவான். அவனைப் பற்றிய விவரமெல்லாம் முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுகிறான்: ‘தி பாய் ஐ சா இன் தி மார்க்கெட் யெஸ்டர்டே’. நம் மொழிப் பழக்கத்துக்கு முற்றிலும் தலைகீழ். அதனால் பிள்ளைகள் இந்த வகை வாக்கியத்தைத் தவிர்த்துவிட்டு, ‘ஐ சா எ பாய். ஹி இஸ் இன் மார்க்கெட்’ என்று துண்டு துண்டாகவே எழுதிச் செல்வார்கள். பத்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்து ஐந்தாம் வகுப்புப் போல இருப்பதற்கு இந்தத் தவிர்ப்பு பெரிய காரணம். பிழையாக எழுதினால்தானே ஆசிரியர் கண்ணில் படும்? தவிர்த்ததை எந்தச் சிவப்பு மையும் கண்டுபிடிக்காது.

மூன்றாவது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது. பெரிய மழையை நினைத்து ‘பிக் ரெயின்’ என்று எழுதும் பிள்ளை இலக்கணப்படி தவறு செய்யவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மழை ‘ஹெவி’. இதற்கு விதி கிடையாது. இப்படி ஆயிரக்கணக்கான சேர்க்கைகள் இருக்கின்றன. பட்டியல் போட்டுக் கற்பிக்க முற்பட்டால் பள்ளி வாழ்க்கை போதாது. வாசித்துப் பழகித்தான் ஆக வேண்டும்.

ஆனால் கையில் கிடைக்கிற எந்தப் புத்தகமும் இந்த வேலையைச் செய்துவிடாது. நியூசிலாந்தின் பால் நேஷனும் மார்செல்லா ஹூவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, யார் துணையும் இல்லாமல் ஒரு கதையை நன்றாகப் புரிந்து வாசிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 200 சொற்கள் உள்ள பக்கத்தில் தெரியாத சொல் நான்கைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் பள்ளி நூலகத்தின் ஆங்கில அலமாரிக்குப் போய்ப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கென்று வைத்திருக்கும் புத்தகத்தில் வரிக்கு ஒரு புதிய சொல் இருக்கும். பாடநூலின் நிலையும் பல இடங்களில் அதுதான். அது வாசிப்பு ஆகாது, அகராதி வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக்குரிய ஆங்கிலக் கதை பொருந்துகிறது என்றால் தயங்காமல் அதைத்தான் கொடுக்க வேண்டும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. எளிய புத்தகங்கள் நிறைய என்பதுதான் இந்த முறையின் உயிர். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு தொடங்கும் வாசிப்புத் திட்டங்கள் பலவும் கடினமான புத்தகங்களாலேயே வீணாகிவிடுகின்றன.

ஆசிரியரின் குரலுக்கும் இதில் இடமுண்டு. எல்லியே 1989இல் நியூசிலாந்துப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில், கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் மட்டும் புதிய சொற்களில் சுமார் 15 விழுக்காடு பிள்ளைகள் மனத்தில் தங்கியது. வாசிக்கும்போதே அந்தச் சொல்லுக்குச் சின்ன விளக்கம், படத்தைத் தொட்டுக் காட்டுவது, ஒரு சைகை என்று சேர்த்துக்கொண்டபோது அது 40 விழுக்காட்டுக்கு ஏறியது.

வாசிப்பு மட்டும் போதும், எழுத்து தானாகவே வந்துவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டீபன் கிராஷன் இந்தக் கருத்தைப் பல பத்தாண்டுகளாக விடாமல் எடுத்துரைத்து வந்திருக்கிறார். கட்டாயம் இல்லாத, விருப்ப வாசிப்பின் மதிப்பை உலகத்துக்கு உணர்த்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அந்த முடிவு வரை அவரோடு போக என்னால் முடியவில்லை. காரணம் கனடா. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சில் படிக்கும் பள்ளிகள் 1960களின் நடுவில் தொடங்கின. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே கேட்டும் படித்தும் வளர்ந்த அந்தப் பிள்ளைகள், புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இணையாக நின்றார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் இலக்கணப் பிழைகள் பிடிவாதமாகத் தங்கிவிட்டன. மெரில் ஸ்வெயின் 1985இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். புரிந்துகொள்ளும்போது நாம் எல்லாச் சொல்லையும் கவனிப்பதில்லை, அர்த்தம் கிடைத்தவுடன் நகர்ந்துவிடுகிறோம். எழுதவோ பேசவோ உட்காரும்போதுதான் ஒவ்வொரு விகுதியையும் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி வருகிறது, அந்த நெருக்கடிதான் மொழியின் வடிவத்தைப் பார்க்க வைக்கிறது என்றார்.

ஆக, கதைக்காக வாசிக்கும் கண் ஒன்று. இந்த வாக்கியத்தை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் கண் இன்னொன்று. முதல் கண்ணைப் புத்தகங்கள் தாமே திறந்துவிடும். இரண்டாவதை ஆசிரியர்தான் திறக்க வேண்டும்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான வழிமுறை ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்திலிருந்து வந்தது. அங்கே பிட்ஜன்ஜாரா மொழி பேசும் தொல்குடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பள்ளியில் கற்கும் மொழி. 1990களின் இறுதியில் அவர்களோடு பணியாற்றிய டேவிட் ரோஸ் ஒரு முறையை வளர்த்தெடுத்தார். எழுத்து வகைகளை வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும் என்று 1980களிலிருந்து வாதாடிய ஜிம் மார்ட்டின் முதலான சிட்னி மொழியியலாளர்களின் வேலை அதற்கு அடித்தளம். பிள்ளைகள் தனியாக வாசிக்க முடியாத, அவர்கள் வகுப்புக்கே உரிய தரமுள்ள பகுதியை எடுத்துக்கொள்வார்கள். முதலில் அதன் கதையை ஆசிரியர் சாதாரணப் பேச்சில் சொல்லிவிடுவார். பிறகு முழுவதையும் வாசித்துக் காட்டுவார். அடுத்து ஒரு சிறு பத்தியை மட்டும் எடுத்து, வாக்கியம் வாக்கியமாகப் போவார்கள். பொருளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதைச் சொல்லும் சொற்களைப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வார். யாரும் தோற்காதபடி கேள்வி அமைந்திருக்கும். கடைசியில் அந்தப் பத்தியின் கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு ஒரு நிகழ்ச்சியை வகுப்பு முழுவதும் சேர்ந்து பலகையில் எழுதும். தனியாக எழுதுவது அதற்குப் பிறகுதான்.

நம் ஊர் வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். ‘தி ரெயின் ஹேட் ஸ்டாப்ட், பட் வாட்டர் வாஸ் ஸ்டில் ட்ரிப்பிங் ஃப்ரம் தி டின் ரூஃப்.’ மழை விட்டுவிட்டது, தகரக் கூரையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆசிரியர் தமிழிலேயே சொல்லிவிடுகிறார். மழை நின்றுவிட்டது என்பதை எந்தச் சொற்கள் சொல்கின்றன? பின்வரிசைப் பையன் ‘ஹேட் ஸ்டாப்ட்’ என்கிறான். எல்லோரும் புத்தகத்தில் கோடு போடுகிறார்கள். இன்னும் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் சொல் எது? ‘ஸ்டில்’. அதற்கும் கோடு. எங்கிருந்து சொட்டியது? ‘ஃப்ரம் தி டின் ரூஃப்’. ஒன்று முடிந்துவிட்டது, இன்னொன்று இன்னும் முடியவில்லை என்கிற அமைப்பு இப்போது பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி மழையை அழித்துவிடலாம். வேறு எது முடிந்தும் முடியாமல் இருக்கிறது என்று ஆசிரியர் கேட்கிறார். பள்ளி மணி என்கிறது ஒரு பிள்ளை. மணி அடித்துவிட்டது, ஆனால்? பையன்கள் இன்னும் மைதானத்தில் ஓடுகிறார்கள். ஒருத்தி எழுந்துபோய்ப் பலகையில் எழுதுகிறாள், மற்றவர்கள் சொல்லச் சொல்ல. ‘தி பெல் ஹேட் ரிங்...’ என்று வந்ததும் ஆசிரியர் ‘ஸ்டாப்ட்’ என்ற சொல்லைச் சுட்டிக் காட்டுகிறார். ‘ரங்’ என்று யாரோ திருத்துகிறார்கள். ‘தி பெல் ஹேட் ரங், பட் தி பாய்ஸ் வேர் ஸ்டில் ரன்னிங் இன் தி பிளேகிரவுண்ட்.’ அடுத்தது திருவிழா முடிந்தும் எரிந்துகொண்டிருந்த விளக்குகள். அடுத்தது பேருந்து போன பிறகும் அடங்காத புழுதி. ‘பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்’ என்ற பெயரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. ஆனால் அந்த வடிவம் எதற்காக இருக்கிறது என்பது வகுப்பு முழுவதற்கும் பிடிபட்டுவிட்டது. இப்போது பாட்டி விழுந்த கதையை எழுதச் சொன்னால், அவர்களிடம் எடுத்தாள ஒரு வாக்கியம் இருக்கிறது.

இது பார்த்து எழுதுவது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. கட்டுரை நோட்டில் பார்த்து எழுதும்போது பொருளும் வடிவமும் இரண்டுமே ஆசிரியருடையவை. இங்கே வடிவம் நூலாசிரியருடையது, பொருள் பிள்ளையுடையது. சங்கீதம் கற்கிற பிள்ளை குருவின் பிடியைப் பாடிப் பாடித்தான் தன் கற்பனைக்கு வருகிறது. அதை யாரும் குறையாக நினைப்பதில்லையே!

புரிதலை முன்னே வைக்கும் இந்தச் சிந்தனைக்கு நம் மண்ணிலும் ஒரு முன்னோடி உண்டு. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், மதராஸ் உள்ளிட்ட சில இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கண வரிசை இல்லை, வாக்கியப் பயிற்சி இல்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றை ஆங்கிலத்தில் வாசித்து, அதிலுள்ள சிக்கலைப் பிள்ளைகள் யோசித்து விடுவிக்க வேண்டும். சொந்தமாகப் பேசவோ எழுதவோ அவசரப்படுத்தவில்லை. உலகெங்கும் மொழி ஆசிரியர் கல்லூரிகளில் இந்தத் திட்டத்தைப் படிக்கிறார்கள். இங்கே நம் ஆசிரியர் பயிற்சியில் அதற்கு உரிய இடம் கிடைக்காதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் தேர்வு பழையபடி இருந்தால் வகுப்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்ற கவலை நியாயமானது. சீனா இதில் செய்த காரியத்தைப் பார்க்க வேண்டும். குவாங்டாங்கைச் சேர்ந்த மொழியியலாளர் வாங் சூமிங், வாசித்துத் தொடர்ந்து எழுதும் பயிற்சியை முன்வைத்தார். முடிவை நீக்கிய ஒரு கதையைக் கொடுப்பது, வாசித்தபின் மாணவரே அதை முடித்து எழுதுவது. ஒரு ஆய்வில் 48 மாணவர்கள் இருவகைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் முடிவு எழுதினார்கள். சில கதைகள் ஆங்கிலத்தில் தரப்பட்டன, சில சீனத்தில். ஆங்கிலத்தில் வாசித்துத் தொடர்ந்து எழுதியபோது பிழைகள் குறைந்தன. கதையில் வந்த சொற்களும் அமைப்புகளும் அவர்கள் எழுத்தில் தாமாக வந்து உட்கார்ந்தன. கதையை எழுதியவரின் பாணியோடு ஒத்துப்போகத் தூண்டுவது கதையைத் தொடரும் ஆசைதான் என்கிறார் வாங்.

2016இல் ஜெஜியாங் மாகாணம் இதைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில் வைத்துவிட்டது. சுமார் 350 சொற்களில் ஒரு கதை. அதைத் தொடர்ந்து இரண்டு பத்திகள், மொத்தம் சுமார் 150 சொற்கள், மாணவர் எழுத வேண்டும். ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியமும் கேள்வித்தாளிலேயே இருக்கும். ஆங்கிலத்துக்கு உள்ள 150 மதிப்பெண்ணில் இதற்கு 25. பிறகு வேறு பல மாகாணங்களின் தேர்விலும் இது இடம்பெற்றது. மனப்பாடக் கட்டுரைக்கு இங்கே வழியில்லை, ஏனென்றால் கதை என்னவென்று தேர்வு அறையில்தான் தெரியும். அப்படியும் சில பயிற்சி மையங்கள் அழுகை, பயம், மகிழ்ச்சிக்கெல்லாம் தயார் வாக்கியங்களை உருப்போட வைக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேர்வை மாற்றுவது வாசிப்புக்கு ஈடாகாது. வாசிப்புக்கு வேலை கொடுக்கும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், சிறு சிறு தமிழ்க் கதை நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்து அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. பிள்ளை தன் நிலைக்கு ஏற்றதை எடுக்கலாம், மேலே ஏறலாம். இதே அமைப்பு ஆங்கிலத்துக்கும் வேண்டும். வகுப்புக்கு ஏற்பப் பிரித்தால் பயனில்லை, பிள்ளையின் வாசிப்பு நிலைக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். இந்தியப் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சொல்லும் எளிய ஆங்கிலக் கதைகளுக்குப் பஞ்சமும் இல்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் அருகருகே அச்சிட்ட படக்கதைகளைப் பல ஆண்டுகளாக வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை பிரித்த கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சிட்டு வகுப்பில் கொடுக்கவும் அனுமதி உண்டு. ஒரே கதையைத் தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் வாசிக்கும் பிள்ளைக்குத் தெரியாத சொல் தடையே அல்ல.

நேரத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில், கட்டுரையைப் பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதவைக்கும் பாடவேளைதான். அந்த நேரத்தில் பெரும்பகுதியை மௌன வாசிப்புக்கும், வாரத்தில் ஒரு நாளை மேலே சொன்ன கூட்டு எழுத்துக்கும் கொடுக்கலாம். பொதுத்தேர்வு வினாத்தாள் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆசிரியர் தாமே வைக்கும் வகுப்புத் தேர்வில், ‘ஓடு’ நிலைக்கு இணையான ஒரு ஆங்கிலக் கதையைப் பாதியில் நிறுத்திக் கொடுத்து, அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் விடலாம்.